முத்துக்கு மூன்றில் ஒன்று, காப்பிக்கு என்ன?

தூத்துக்குடியில் பழைய துறைமுகத்துக்குப் போகும் சாலையில் ஒரு காப்பிக் கடை இருக்கிறது. கருப்பட்டிக் காப்பிக்குப் பேர் போன கடை. சென்ற வாரம் யூனியன் கூட்டம் முடிந்ததும் நாலைந்து பேர் அங்கே போய் உட்கார்ந்தோம். மில்லில் இரவு ஷிப்ட் முடித்து வந்த தோழர் ஒருவர். உப்பளத்தில் வேலை செய்பவர் ஒருவர். ஓட்டப்பிடாரம் பக்கத்துக் கரிசல் கிராமத்திலிருந்து வந்திருந்த வயதான விவசாயத் தொழிலாளி ஒருவர்.

கடைச் சுவரில் புதிதாக ஒரு தாள் ஒட்டியிருந்தது. காப்பி விலை ஏறியிருந்தது.

"என்ன அண்ணாச்சி, மறுபடியும் ஏத்திட்டீங்களா?" என்று மில் தோழர் கேட்டார்.

"நான் என்ன செய்ய தம்பி? தூள் வெல ஏறிட்டு. மொத்தக் கடையில கேட்டா நியூயார்க்ல ஏறிட்டுன்னு சொல்லுதான்" என்றார் கடைக்காரர்.

எல்லோரும் சிரித்தோம். கிராமத்துப் பெரியவர் மட்டும் சிரிக்கவில்லை.

"ஏன் தோழரே, காப்பி நம்ம மலையில வெளையுது. பறிக்கது நம்ம சனம். வெலைய மட்டும் எவனோ எங்கயோ இருந்துக்கிட்டு வைக்கானே, அது எப்படி?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

நான் பத்தாவது தேறியவன். பொருளாதாரத்தைக் கல்லூரியில் படித்தவனல்ல. அன்று கடையில் நான் சொன்ன பதில் அரைகுறையானது. வீட்டுக்கு வந்து படித்துப் பார்த்து, முழுப் பதிலை இங்கே எழுதுகிறேன். அந்தப் பெரியவருக்கு மட்டுமல்ல, உழைத்து விளைவித்துவிட்டு விலைக்காகப் பிறர் முகம் பார்த்து நிற்கும் அனைவருக்கும் இது பொருந்தும் என்று நினைக்கிறேன்.

சலாபத்தில் வைத்த கூறு

நம் கடலிலிருந்தே தொடங்குவோம்.

தூத்துக்குடிக் கரையில் முத்துச் சலாபம் நடந்த கதை நமக்குத் தெரியும். கடலுக்கடியில் முத்துச் சிப்பி கிடக்கும் பாறைத் திட்டுக்குப் பார் என்று பெயர். எட்டு, பத்து பாகம் ஆழம். கயிற்றில் கட்டிய கல்லின் மேல் கால் வைத்து, மூச்சை அடக்கி, குளியாள் உள்ளே இறங்குவான். ஒரு மூச்சுக்குள் கைக்கு எட்டிய சிப்பியை வாரிப் பையில் போட்டுக்கொண்டு மேலே வருவான். மறுபடி இறங்குவான். காதில் ரத்தம் வரும். சுறா பயம் உண்டு. கயிற்றைப் பிடித்துத் தோணியில் நிற்பவனின் கையில்தான் அவன் உயிர்.

பிரிட்டிஷ் ஆட்சியில் சிப்பி கரைக்கு வந்ததும் மூன்று கூறு வைப்பார்கள். இரண்டு கூறு சர்க்காருக்கு. ஒரு கூறு குளியாட்களுக்கு. சர்க்கார் தன் இரண்டு கூறையும் ஏலம் போட்டு விற்கும். வியாபாரிகள் வாங்குவார்கள். முத்து பம்பாய்க்கும் லண்டனுக்கும் போகும். குளியாளோ தன் கூறைக் கரையில் நிற்கும் வியாபாரியிடம் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டு வீட்டுக்குப் போவான்.

இந்தப் பங்கீடு நியாயமா? நியாயமே இல்லை. கடலில் இறங்கியவன் குளியாள். சர்க்கார் என்ன செய்தது? கொடி நாட்டியது, கணக்கு எழுதியது, ஏலம் போட்டது. அதற்கு இரண்டு கூறு! போர்த்துக்கீசியர், டச்சுக்காரர், பிரிட்டிஷார் என்று மாறி மாறி வந்தவர்கள் இந்தக் கரைக்காக ஏன் சண்டையிட்டார்கள் என்பது இதிலிருந்தே விளங்கும்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த அநியாயம் கண்முன்னே நடந்தது. மூன்று கூறும் மணலில் கிடந்தன. தன்னிடமிருந்து எவ்வளவு போகிறது என்று குளியாள் தன் கண்ணால் பார்த்தான்.

தூத்துக்குடியில் கடைசிச் சலாபம் 1961ல் நடந்தது. அத்துடன் அந்தக் கூறும் முடிந்தது. இன்றைய உலக வியாபாரத்திலும் கூறு வைக்கிறார்கள். ஆனால் மணலில் வைப்பதில்லை. 'விலை' என்ற திரைக்குப் பின்னால் வைக்கிறார்கள். விளைவித்தவன் கண்ணுக்கு அது தெரிவதில்லை. இதுதான் வித்தியாசம்.

காப்பிக்குப் போன முன்னோர்

"எங்க பூட்டன் காப்பித் தோட்டத்துக்குப் போனவரு" என்றும் அந்தப் பெரியவர் அன்று சொன்னார். இலங்கை என்றாலே தேயிலை என்று நாம் நினைக்கிறோம். ஆனால் நம் முன்னோர் முதலில் அங்கே போனது தேயிலைக்கல்ல, காப்பிக்கு.

1815ல் பிரிட்டிஷார் கண்டி ராஜ்யத்தைப் பிடித்தார்கள். மேற்கிந்தியத் தீவுகளில் அடிமை முறை ஒழிக்கப்பட்டபின் அங்கே காப்பி விளைச்சல் குறைந்தது. 1835ல் இலங்கைக் காப்பிக்கும் மேற்கிந்தியத் தீவுக் காப்பிக்கும் லண்டனில் ஒரே சுங்கம் என்று ஆக்கினார்கள். 1840ல் ஒரு சட்டம் போட்டு, பத்திரம் காட்ட முடியாத மலைக் காட்டையெல்லாம் ராஜாங்க நிலம் என்று எடுத்துக்கொண்டு தோட்ட முதலாளிகளுக்கு விற்றார்கள். நிலம் கண்டி விவசாயியுடையது. மூலதனம் லண்டனுடையது. உழைப்பு நம்முடையது.

திருநெல்வேலி, ராமநாதபுரம், மதுரை, திருச்சிச் சீமைகளிலிருந்து கங்காணிகள் ஆட்களைத் திரட்டினார்கள். சிலர் தூத்துக்குடியில் தோணி ஏறிக் கொழும்பு போனார்கள். பலர் பாம்பன், தேவிபட்டினம் பக்கத்திலிருந்து மன்னாருக்குக் கடந்து, அங்கிருந்து காட்டு வழியே மாத்தளை வரை நடந்தார்கள். காலராவும் காய்ச்சலும் பட்டினியும் ஆயிரக்கணக்கானோரை அந்தப் பாதையிலேயே கிடத்தின. போய்ச் சேர்ந்தவன் கடனோடுதான் சேர்ந்தான். அவன் கடன் 'துண்டு' என்ற ஒரு சீட்டில் எழுதியிருக்கும். அதைத் தீர்க்காமல் அவன் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. இந்தத் துண்டு முறை சட்டப்படி ஒழிந்தது 1921ல்தான்!

1870 வாக்கில் இலங்கை ஆண்டுக்குச் சுமார் 50,000 டன் காப்பியைக் கப்பலேற்றியது. அன்று உலகத்தின் பெரிய காப்பி நாடுகளில் அதுவும் ஒன்று. 1876 முதல் 1878 வரை நம் பக்கம் பெரும் பஞ்சம் வந்தபோது, 1877ல் மட்டும் லட்சத்துக்கும் மேற்பட்டோர் இங்கிருந்து இலங்கைக்குப் போனார்கள். பஞ்சம் நமக்கு. மலிவான கூலி அவர்களுக்கு.

இதற்குள் காப்பிச் செடியில் துருநோய் கண்டுவிட்டது. 1869ல் முதலில் தெரிந்தது. மலை முழுவதும் ஒரே பயிர். எனவே நோய் தோட்டம் தோட்டமாகத் தாவியது. பிரேசில் காப்பி உலகச் சந்தையை நிரப்பியது. விலையும் விழுந்தது. 1880களின் நடுவில் இலங்கைக் காப்பி அழிந்துபோயிற்று. 1884ல் ஓரியண்டல் வங்கி என்ற பெரிய வெள்ளைக்கார வங்கி மூழ்கியது. இலங்கைக் காப்பித் தோட்டங்களில் அது போட்டிருந்த பணமும் அதில் போயிற்று. அந்த வங்கியின் நோட்டுகளுக்கு இலங்கை கவர்னர் உடனே உத்தரவாதம் கொடுத்தார். தோட்டத் தொழிலாளிக்கோ மாதக் கணக்கில் கூலி பாக்கி நின்றது. பலர் வெறும் கையோடு ஊர் திரும்பினார்கள்.

முதலாளிகள் என்ன ஆனார்கள்? நொடித்தவர் நொடித்தார்கள். மிஞ்சியவர்கள் அதே மலையில் தேயிலை போட்டார்கள். தொழிலாளிகளையும் அதே லயத்தில் வைத்தார்கள். காப்பி போயிற்று, கூலி முறை போகவில்லை. 1914ல் தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பல் தொடங்கும் வரை, நம் ஊருக்கருகில் தட்டப்பாறை முகாமில் ஆட்களை அடைத்து வைத்துத் தூத்துக்குடியில் கப்பலேற்றி அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். அவர்களின் பேரப்பிள்ளைகளைத்தான் 1948ல் குடியுரிமை இல்லாதவர்கள் ஆக்கினார்கள். 1964ல் சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தில் தலை எண்ணிப் பங்கு போட்டார்கள்.

ஒரு நாடு ஒரே பயிரை நம்பி, வெளிநாட்டான் வைக்கும் விலையை நம்பி நின்றால் என்ன ஆகும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா? தூத்துக்குடித் துறையே சாட்சி.

கொட்டை இங்கே, கோப்பை அங்கே

"அது வெள்ளைக்காரன் காலம். இன்று நாம் சுதந்திர நாடு" என்று சிலர் சொல்லலாம். சரி, இன்றைக்கு வருவோம்.

இந்தியாவில் காப்பி விளைவதில் பத்தில் ஏழு பங்கு கர்நாடகத்தில். அடுத்தது கேரளம், குறிப்பாக வயநாடு. நம் மாநிலத்தில் கீழ்ப் பழனி, ஆனைமலை, நீலகிரி, சேர்வராயன் மலைகளில் விளைகிறது. உலக விளைச்சலில் இந்தியாவின் பங்கு நூற்றுக்கு நான்குக்கும் குறைவு. முதலிடம் பிரேசில், இரண்டாமிடம் வியத்நாம். நம் விளைச்சலில் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்குக் கப்பலேறி விடுகிறது. அதில் பெரும்பகுதி பச்சைக் கொட்டையாகவே போகிறது. இத்தாலியும் ஜெர்மனியும் பெரிய வாடிக்கையாளர்கள்.

ஜெர்மனியில் ஒரு காப்பிச் செடி கூட விளைவதில்லை. ஆனால் பதப்படுத்திய காப்பியை ஏற்றுமதி செய்யும் நாடுகளில் அது முன்வரிசையில் இருக்கிறது! நம்மிடமும் பிரேசிலிடமும் வியத்நாமிடமும் பச்சைக் கொட்டையாக வாங்கி, வறுத்து, அரைத்து, டப்பியில் அடைத்து, பெயர் ஒட்டி உலகத்துக்கு விற்கிறது. நாமே வறுத்து அனுப்பினால் என்ன? இங்கேதான் சூட்சுமம். ஐரோப்பிய யூனியனின் பொதுச் சுங்க அட்டவணை நெடுங்காலமாக இப்படி இருந்து வந்திருக்கிறது: பச்சைக் கொட்டைக்குச் சுங்கம் பூஜ்யம், வறுத்த கொட்டைக்கு நூற்றுக்கு 7.5. கச்சாப் பொருளுக்குக் கதவு திறந்திருக்கிறது. தொழிற்சாலைப் பொருளுக்குக் கதவில் காவல்காரன் நிற்கிறான். நம் பஞ்சை மான்செஸ்டருக்குக் கொண்டுபோய்த் துணியாக்கி நமக்கே விற்றார்களே, அந்தப் பழைய தந்திரம்தான்.

விலை எங்கே வைக்கப்படுகிறது? அராபிக்காவுக்கு நியூயார்க்கில், ரோபஸ்டாவுக்கு லண்டனில். அங்கே வாங்கி விற்பவர்களில் பலர் காப்பிப் பழத்தைக் கண்ணால் கண்டவர்களல்ல. இன்னும் பூக்காத செடியின் காய்க்கு இன்றே விலை பேசுகிறார்கள். பிரேசிலில் பனி விழுந்தது என்றால் ஏறும். மழை பெய்தது என்றால் இறங்கும். செய்திக்கு முன்பே வதந்திக்கு ஏறும். அந்த ஏற்ற இறக்கம் வயநாட்டில் இரண்டு ஏக்கர் வைத்திருப்பவன் தலையில் வந்து விழுகிறது.

நடுவில் இருக்கும் வியாபாரக் கம்பெனிகள் யாவை? நம் ஊருக்குத் தெரிந்த பெயரையே எடுத்துக்கொள்வோம். வோல்கார்ட் சகோதரர்கள் என்ற சுவிஸ் கம்பெனி 1851ல் விண்டர்தூரிலும் பம்பாயிலும் தொடங்கியது. 1857ல் கொழும்பில் கிளை வைத்தது. தூத்துக்குடியிலும் கிளை வைத்தது. பஞ்சும் காப்பியும் அதன் வியாபாரம். 1954ல் தன் இந்திய வியாபாரத்தை டாட்டாவுடன் சேர்த்து வோல்டாஸ் ஆக்கியது. ஆனால் உலகக் காப்பி வியாபாரத்தை விடவில்லை. அந்தக் காப்பிப் பிரிவு வோல்கஃபே என்ற பெயரோடு கைமாறி, 2004ல் லண்டனின் இ.டி. அண்ட் எஃப். மேன் கம்பெனியிடம் போய்ச் சேர்ந்தது. கொடி மாறியது, ஆட்சி மாறியது, கம்பெனியின் பெயர்ப் பலகை மாறியது. தரகு மட்டும் நூற்றைம்பது ஆண்டுகளாக அங்கேயே இருக்கிறது.

கப்பல் யாருடையது? தூத்துக்குடியில் ஏற்றும் கண்டெய்னர்களில் பெரும்பகுதி சிறு கப்பலில் கொழும்புக்குப் போய், அங்கே பெரிய கப்பலுக்கு மாறுகிறது. அன்று ஆள் போன அதே வழியில் இன்று சரக்கு போகிறது. உலகத்தின் கண்டெய்னர் கப்பல் கொள்ளளவில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் பத்துக் கம்பெனிகளின் கையில் இருக்கிறது. அவர்கள் வைத்ததுதான் வாடகை.

அந்த ஒரு கூறும் போன கதை

இப்போது கூறுக்கு வருவோம். லண்டனில் இருக்கும் சர்வதேசக் காப்பி ஸ்தாபனம் 2002 வாக்கில் வெளியிட்ட கணக்கு இது. நம்முடைய கணக்கல்ல. 1990களின் தொடக்கத்தில் உலகமெங்கும் மக்கள் காப்பிக்குக் கொடுத்த பணம் ஆண்டுக்குச் சுமார் 3,000 கோடி டாலர். அதில் விளைவித்த நாடுகளுக்கு வந்தது 1,000 முதல் 1,200 கோடி. அதாவது மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். சலாபத்தில் குளியாளுக்குக் கொடுத்த அதே கூறு!

பத்தாண்டு கழிந்தது. மக்கள் கொடுத்த பணம் 7,000 கோடி டாலருக்கு மேல் உயர்ந்தது. விளைவித்த நாடுகளுக்கு வந்தது எவ்வளவு? 550 கோடி. பன்னிரண்டில் ஒரு பங்கு கூட இல்லை!

குடிப்பவன் கொடுத்தது இரண்டு மடங்குக்கு மேல் ஆயிற்று. விளைத்தவன் பெற்றது பாதியாயிற்று. நடுவில் உள்ளவர்கள் விழுங்கியது எவ்வளவு என்று பள்ளிப் பிள்ளையும் கணக்குப் போடலாம்.

இது எப்படி நடந்தது? 1962ல் சர்வதேசக் காப்பி ஒப்பந்தம் ஒன்று ஏற்பட்டது. எந்த நாடு எவ்வளவு ஏற்றுமதி செய்யலாம் என்று அளவு வைத்து, விலை அதலபாதாளத்துக்குப் போகாமல் தடுத்தார்கள். விலை குறைவதால் லாபம் அடையும் அமெரிக்கா இதற்கு ஏன் சம்மதித்தது? தர்ம சிந்தையாலா? 1959ல் கியூபாவில் புரட்சி வென்றது. காப்பி விலை விழுந்தால் லத்தீன் அமெரிக்காவின் மற்ற நாடுகளும் அந்த வழியில் போய்விடும் என்று வாஷிங்டன் பயந்தது. அந்தப் பயம்தான் விலையைத் தாங்கிப் பிடித்தது. பனிப்போர் தணிந்தது, பயமும் தணிந்தது. 1989 ஜூலையில் ஒப்பந்தத்தின் அளவு முறை கைவிடப்பட்டது. சில மாதங்களுக்குள் விலை ஏறத்தாழப் பாதியாகச் சரிந்தது. 1993ல் அமெரிக்கா ஸ்தாபனத்தை விட்டே வெளியேறியது.

இந்தியாவிலும் அதே காலத்தில் அதே பாட்டு. யுத்த காலத்தில், 1942ல் போட்ட சட்டப்படி, விளைந்த காப்பி முழுவதையும் காப்பி வாரியம் தொகுப்பாக வாங்கி விற்று வந்தது. அந்த முறையில் குறைகள் இல்லாமலில்லை. பணம் தவணை தவணையாக, தாமதமாக வந்தது. விவசாயிகளே சலித்துப் போயிருந்தார்கள். ஆனால் குறையைத் திருத்துவதற்குப் பதில் முறையையே கலைத்தார்கள். 1992 முதல் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி, 1996ல் முழுச் 'சுதந்திரம்' கொடுத்தார்கள். முதல் சில ஆண்டுகள் விலை நன்றாக இருந்தது. "பார்த்தீர்களா!" என்றார்கள். 2001–02ல் உலக விலை முப்பது ஆண்டுகளில் காணாத மட்டத்துக்கு விழுந்தபோது, அதே சுதந்திரம் சிறு விவசாயியின் கழுத்தைச் சுற்றியது. வயநாட்டில் காப்பியும் மிளகும் ஒன்றாக விழுந்தன. கடன் தாங்காமல் விவசாயிகள் உயிரை மாய்த்துக் கொண்டார்கள். 2006ல் பதவிக்கு வந்த இடது ஜனநாயக முன்னணி அரசு கடன் நிவாரணக் கமிஷன் அமைக்க வேண்டியதாயிற்று.

முதலாளித்துவப் பத்திரிகைகள் அப்போது யார்மேல் பழி போட்டன? வியத்நாம் விவசாயி அதிகம் விளைத்து விட்டானாம்! பஞ்சத்திலும் யுத்தத்திலும் அடிபட்ட ஒரு ஜனங்கள் செடி நட்டார்கள். அது குற்றமா? விளைப்பவனை விளைப்பவனோடு மோதவிட்டு, வாங்குபவன் ஒதுங்கி நின்று வேடிக்கை பார்க்கிறான். அது குற்றமில்லையா?

நாட்டுக்கு வந்தது யாருக்கு வந்தது?

இங்கே நாம் ஒரு குழியில் விழுந்துவிடக் கூடாது. "நம் நாட்டுக்குக் கூடுதல் பங்கு வேண்டும்" என்று சொல்வது சரிதான். ஆனால் நாட்டுக்கு வந்த பங்கு நாட்டில் யாருக்குப் போகிறது? இதையும் சேர்த்துக் கேட்காவிட்டால் நாம் முதலாளிக்குத்தான் கொடி பிடிப்போம்.

2025 பிப்ரவரியில் நியூயார்க்கில் அராபிக்கா விலை ராத்தலுக்கு 4 டாலரைத் தாண்டியது. சரித்திரத்தில் காணாத விலை. பிரேசிலில் வறட்சி. நம் தோட்டக்காரர்களுக்கும் நல்ல விலை கிடைத்தது. சிறு விவசாயி பழைய கடனை அடைத்தான். நல்லதுதான். ஆனால் கூடை கட்டிப் பழம் பறிக்கும் பெண்ணின் கூலி அதற்கேற்ப ஏறியதா? எந்தத் தோட்டத்திலாவது முதலாளி தானாக முன்வந்து, "அம்மா, விலை ஏறியிருக்கிறது, உன் பங்கை வாங்கிக்கொள்" என்று சொன்னாரா?

விலை விழுந்தபோது என்ன சொன்னார்கள்? "விலை இல்லை. கூலி உயர்வு கேட்காதே. ஆட்களைக் குறைக்கிறோம்" என்றார்கள். நஷ்டத்தில் தொழிலாளிக்குப் பங்கு உண்டு. லாபத்தில் மட்டும் இல்லை. மில் தோழர்களுக்கு இதை நான் விளக்கவேண்டியதில்லை. பஞ்சு விலை ஏறினால் 'மில்லுக்குக் கஷ்டம்', நூல் விலை இறங்கினால் 'மில்லுக்குக் கஷ்டம்'. இரண்டும் நன்றாக இருக்கும் ஆண்டில் மில்லுக்கு லாபம். தொழிலாளிக்கு எந்த ஆண்டு?

நம் நாட்டு ஏகபோக முதலாளிகள் இந்தக் கொள்ளையை எதிர்க்கிறார்களா? டாட்டா காப்பிக் கம்பெனி 2006ல் அமெரிக்காவில் ஒரு பெரிய காப்பிப் பெயரை விலைக்கு வாங்கியது. 2012ல் டாட்டாவும் ஸ்டார்பக்ஸும் கூட்டுச் சேர்ந்து இங்கே கடை திறந்தன. அவர்கள் மேஜையைக் கவிழ்க்கவில்லை. மேஜையின் அந்தப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். துறைமுகத்திலும் இதே கதைதான். விழிஞ்ஞத்தில் 2024 டிசம்பரில் வியாபாரம் தொடங்கிய துறைமுகத்தை நடத்துவது அதானி கம்பெனி. 2025 ஏப்ரலில் கொழும்பில் தொடங்கிய மேற்கு முனையத்திலும் பெரும் பங்கு அதே அதானி கம்பெனிக்குத்தான். சரக்கு இந்தப் பக்கம் மாறினாலும் அந்தப் பக்கம் மாறினாலும் வாடகை ஒரே பெட்டியில் விழும்.

வ.உ.சி.யின் கப்பலும் காப்பி ஹவுஸும்

இதற்கு வழி உண்டா? உண்டு. வழி காட்டிய ஊர்களில் முதன்மையானது நம் தூத்துக்குடி.

1906ல் வ.உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியை ஆரம்பித்தார். பங்கு ஒன்று 25 ரூபாய். 'காலியா', 'லாவோ' என்ற கப்பல்கள் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் ஓடின. விளைபொருள் நம்முடையதாக இருந்தாலும் கப்பல் அவனுடையதாக இருக்கும் வரை விலையும் அவனுடையதுதான் என்பதை அவர் கண்டுகொண்டார். வெள்ளைக்காரக் கப்பல் கம்பெனி என்ன செய்தது? கட்டணத்தை ஒரு ரூபாய் வரை குறைத்தது. பிறகு இலவசம் என்றது. குடையும் கொடுத்ததாகச் சொல்வார்கள். இன்றைய பெரிய கம்பெனிகள் செய்யும் 'தள்ளுபடி விலை'யின் தாத்தா அது!

ஆனால் வ.உ.சி. கப்பலோடு நிற்கவில்லை. 1908 பிப்ரவரி 27ல் கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்கு அவரும் சுப்பிரமணிய சிவாவும் தலைமை தாங்கினார்கள். ஒன்பது நாளில் கூலி உயர்வும் ஞாயிற்றுக்கிழமை விடுமுறையும் கிடைத்தன. சில நாளில் அவரைச் சிறையில் தள்ளினார்கள். கப்பல் கம்பெனியால் மட்டும் சர்க்கார் பயந்திருக்கலாம். கப்பலும் மில் தொழிலாளியும் ஒன்று சேர்ந்ததும் நடுங்கியது.

இன்னொரு பாடம் காப்பியிலேயே இருக்கிறது. காப்பி வாரியம் நடத்தி வந்த காப்பி ஹவுஸ்களை 1950களின் நடுவில் மூடத் தொடங்கினார்கள். பரிமாறுபவர், சமையற்காரர், துடைப்பவர் எல்லோரும் நடுத்தெருவில் நின்றார்கள். தோழர் ஏ.கே. கோபாலன் அவர்களோடு நின்றார். "வேலை கேட்டு மனுக் கொடுப்பது மட்டும் போதாது, கடையை நீங்களே எடுத்து நடத்துங்கள்" என்பதே அவர் காட்டிய வழி. 1957 ஆகஸ்டில் பெங்களூரில் முதல் தொழிலாளர் கூட்டுறவு தொடங்கியது. அதே ஆண்டு டில்லியில் கடை திறந்தார்கள். 1958ல் திருச்சூரில் திறந்தார்கள். முதலாளி இல்லை. தொழிலாளியே உறுப்பினன். அறுபதாண்டுக்கு மேலாகியும் கேரளத்தில் ஊருக்கு ஊர் அந்தக் கடைகள் நடக்கின்றன. பரிமாறும் தொழிலாளி தலைப்பாகையோடு நிமிர்ந்து நிற்கிறான்.

இந்த அனுபவங்களிலிருந்து நமது கோரிக்கைகள் தாமாகவே பிறக்கின்றன. காப்பி வாரியம் மறுபடி சந்தையில் இறங்கி, சிறு விவசாயிக்கு அடக்க விலைக்கு மேல் உத்தரவாத விலை கொடுத்து வாங்க வேண்டும். வறுப்பது, அரைப்பது, டப்பியில் அடைப்பது ஆகியவற்றைக் கூட்டுறவுகளின் மூலம் இங்கேயே செய்ய வேண்டும். காப்பி விலை ஏறும்போது தோட்டத் தொழிலாளியின் கூலியும் ஏற வேண்டும். விலை இறங்கும்போது கூலி இறங்கக் கூடாது. காப்பி விளைவிக்கும் நாடுகள் ஒன்றோடொன்று மோதாமல் ஒரே குரலில் விலை பேச வேண்டும்.

இவை காப்பிக்கு மட்டுமா? காப்பி என்ற இடத்தில் பஞ்சு என்று போட்டுப் படியுங்கள். உப்பு என்று போட்டுப் படியுங்கள். கரிசல் காட்டு மிளகாய் என்று போட்டுப் படியுங்கள். கணக்கு மாறாது.

அன்று கடையில் கேட்ட பெரியவருக்கு இப்போது என் பதில் இது: விளைபவனும் பறிப்பவனும் ஏற்றுபவனும் தனித்தனியே நிற்கிறோம், விலை வைப்பவன் மட்டும் ஒன்றாக நிற்கிறான். அதனால்தான் விலை அவன் கையில் இருக்கிறது. உங்கள் பூட்டன் தனியாகத் தோணி ஏறினார், தனியாகத் துண்டில் கைநாட்டு வைத்தார். அவர் பிள்ளைகள் அந்த மலைகளில் சங்கம் வைத்து நின்ற பிறகே துண்டுச் சீட்டுக் காலத்துக் கொடுமைகள் ஒவ்வொன்றாக விலகின.

குளியாளின் உயிர் மேலே கயிறு பிடித்து நின்றவன் கையில் இருந்தது. கயிற்றை ஆட்டினால் அவன் இழுத்தாக வேண்டும். மலையில் பழம் பறிப்பவள் கயிற்றை ஆட்டுகிறாள். துறைமுகத்திலும் மில்லிலும் வயலிலும் நிற்கும் நாம் அதை உணர்ந்து இழுக்கிறோமா என்பதுதான் இன்றைய கேள்வி.